வீட்டுத் தோட்டத்தில் முண்டு மிளகாய்: விதை காக்கும் பாடம்

மலைநாட்டுச் சந்தைகளில் ஸ்ட்ராபெரிப் பழத்தைக் கண்டு திரும்பும் நமது உறுப்பினர் சிலர், "அச்செடியைத் தூத்துக்குடியில் தொட்டியில் வளர்க்கலாகாதா?" என்று கேட்பதுண்டு. சிவந்த சிறு கனியொன்று வாசலிலே தொங்கக் காண வேண்டும் என்னும் ஆசை நல்லதே. ஆயினும் உண்மையைச் சொல்லிவிடுதல் நமது கடமை. ஸ்ட்ராபெரி குளிர்ந்த இரவுகளை வேண்டும் செடி. மராட்டிய மாநிலத்து மகாபலேசுவரம் மலைப்பகுதி அதற்குப் பெயர் பெற்றது; அங்கு விளையும் பழம் 2010ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. தமிழகத்தில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அது விளைகிறது. இரவிலும் வெப்பம் தணியாத முத்துக்குளித்துறைக் கரையில் அதனை வளர்க்க முயல்வது, பெரும்பாலும் நாற்றுக்குக் கொடுத்த காசை இழப்பதிலேயே முடியும்.

ஆனால் பரம்பரையாய் வந்த சிவந்த சிறு கனியொன்றை வீட்டு முற்றத்தில் வளர்க்க வேண்டும் என்பதே ஆசையாயின், அதற்காக மலையேற வேண்டுவதில்லை. நமது கரிசல் காட்டிலும் கடற்கரையிலும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய முண்டு மிளகாய் இருக்கிறது. குண்டு மிளகாய் என்றும் சொல்வர். இதனை வளர்ப்பது எளிது. கலப்பின்றிக் காப்பதுதான் அரிது. இம்மாதப் பாடம் இவ்விரண்டையும் பற்றியது. பின்னதே இதில் முதன்மையானது.

1. செடியின் வரலாறும் குணமும்

மிளகாய் நம் நாட்டுப் பூர்வீகச் செடியன்று. ஸ்ட்ராபெரியின் முன்னோர்களைப் போலவே அதுவும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின்னர் ஐரோப்பாவை அடைந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக இந்தியாவிற்கு வந்தது. அதே நூற்றாண்டில்தான் போர்த்துக்கேயர் நமது முத்துக்குளித்துறையிலும் கால் ஊன்றினர். 1658ஆம் ஆண்டில் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. அதுவரை நம் முன்னோர் காரத்திற்கு நம்பியிருந்தது மிளகையே. புதிதாய் வந்த காய் மிளகைப் போல் உறைத்தமையால் அதற்கு "மிளகாய்" என்றே பெயர் வைத்தனர். வந்த செடியை ஒவ்வொரு வட்டாரத்தாரும் தத்தம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்பத் தெரிந்தெடுத்து விதை காத்தனர். அவ்வாறு நம் பக்கத்தில் நிலைபெற்ற ரகங்களுள் ஒன்றே முண்டு.

முண்டு மிளகாயின் காய் நீண்டு ஒடுங்கியதன்று. குட்டையாய், உருண்டையாய் இருக்கும். பழுத்தால் பளிச்சென்ற சிவப்பு. வற்றலானால் ஆழ்ந்த சிவப்பு. இராமநாதபுரம் மாவட்டத்தில் இது மானாவாரியாகப் பெருமளவில் பயிராகிறது. "இராமநாதபுரம் முண்டு மிளகாய்" 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நமது மாவட்டத்தில் விளாத்திகுளம், புதூர் வட்டாரக் கரிசல் நிலங்களிலும் மிளகாய் பழைய பயிரே.

இதற்கு முற்றிலும் வேறான தோற்றமுடையது சாத்தூர்ச் சம்பா. அது நீண்டு மெலிந்த காய். 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட கே.2 என்னும் ரகம் சாத்தூர்ச் சம்பாவை ஒரு பெற்றோராகக் கொண்டு உருவாக்கப்பட்டது. நாட்டு ரகம் இருந்தமையாலேயே அந்தப் புதிய ரகம் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பழைய விதை அழிந்தால், நாளைய ஆராய்ச்சியாளர்க்கும் கைமுதல் இல்லாது போகும்.

2. மண்ணும் தொட்டியும்

தரையில் இடமுள்ளோர் செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விட்டு நடலாம். இடமில்லாதோர்க்கு 12 அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள மண் தொட்டியோ, அடியில் துளையிட்ட பழைய வாளியோ போதும். ஒரு வீட்டிற்கு 6 செடி என்று வைத்துக் கொள்வோம். சிறு குடும்பத்தின் அன்றாடச் சமையலுக்கு அது பெருந்துணையாகும்.

தொட்டிக்குச் செம்மண் அல்லது கரிசல் மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு எரு ஒரு பங்கு, ஆற்று மணலோ தேரி மணலோ ஒரு பங்கு எனக் கலக்க வேண்டும். தனிக் கரிசல் மழையில் இறுகி வேருக்குக் காற்று விடாது. தனி மணல் நீரையும் எருவையும் பிடித்து வைக்காது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நீக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் 50 கிராம் வேப்பம் பிண்ணாக்குச் சேர்ப்பது நன்று.

கடற்கரையில் வாழும் நாம் மூன்று தவறுகளை விலக்க வேண்டும். முதலாவது, கடல் மணலைத் தொட்டியில் இடுதல். அதிலுள்ள உப்பு இளவேரைக் கருக்கிவிடும். இரண்டாவது, கருவாட்டுக் கழிவை எருவாக இடுதல். மீன் நல்ல எருவே. ஆயின் உப்பிட்ட மீன் செடிக்கு நஞ்சு. உப்பிடாத மீன் கழிவையும் பச்சையாக இடாமல், இலை தழையோடு சேர்த்து மக்க வைத்தே இடவேண்டும். மூன்றாவது, தென்னை நார்க்கழிவை வாங்கியபடியே பயன்படுத்துதல். உப்பங்கழியில் ஊறிய மட்டையின் நாரில் உப்புத் தங்கியிருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பின்னரே அதனைக் கலக்கலாம்.

3. விதைப்பும் நடவும்

நமது மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. ஆகவே ஆவணி பிற்பகுதியில், அதாவது செப்டம்பர் தொடக்கத்தில், விதைப்பது பொருந்தும். ஐப்பசி மழையின் போது நாற்று நடவுக்குத் தயாராயிருக்கும், மார்கழியில் பூக்கும், தை மாதம் முதல் பழம் பறிக்கலாம்.

6 செடிக்கு 20 விதை போதும். மிளகாய் விதைக்கு அரசாங்கச் சான்றளிப்பு விதிகள் கேட்கும் முளைப்புத் திறன் 60 சதவீதம். அக்கணக்கில் 20 விதைக்கு 12 நாற்று எழும். அவற்றுள் திடமான 6 நாற்றைத் தேர்ந்துகொண்டு, எஞ்சியவற்றை அயல் வீட்டார்க்குக் கொடுக்கலாம்.

விதைகளை இரவு முழுதும் நீரில் ஊற வைத்து, மறுநாள் டிரைகோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தூளை ஒரு சிட்டிகை புரட்டி விதைத்தால் நாற்றழுகல் குறையும். பள்ளமான தட்டில் எருக்கலந்த மண்ணைப் பரப்பி, அரை அங்குல ஆழத்தில் விரல் அகல இடைவெளியில் ஒவ்வொரு விதையாக இடுக. அடர்த்தியாகத் தூவிய நாற்றங்காலில்தான் நாற்றழுகல் விரைந்து பரவும். 7 முதல் 14 நாட்களுக்குள் முளை தோன்றும். 40 அல்லது 45ஆம் நாள், நாற்று ஒரு சாண் உயரம் வந்தவுடன், மாலை வேளையில் எடுத்து நடுக. நட்ட மூன்று நாட்களுக்கு ஓலை நிழல் வேண்டும். கடற்காற்று வலுத்து வீசும் வீடுகளில், செடிக்கு ஒரு குச்சி ஊன்றித் தளர்ச்சியாகக் கட்டுதல் அவசியம்.

4. நீரும் உப்பும்

மானாவாரிப் பயிர் என்பதால் முண்டு மிளகாய் வறட்சியைப் பொறுக்கும். ஆனால் தொட்டியில் வேர் ஓடி நீர் தேட இடமில்லை. நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் வேண்டும். மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்த பின்னரே நீர் விடுக. நீர் தேங்கினால் பூ உதிரும், வேர் அழுகும். ஐப்பசி அடைமழையில் தொட்டியை இரண்டு செங்கல் மீது தூக்கி வைத்தல் நலம்.

நமது கரையில் நீரின் அளவினும் அதன் தன்மையே பெரிய பிரச்சினை. பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. மிளகாய் உப்பைப் பெரிதும் தாங்கும் பயிரன்று. மண்பரிசோதனை நிலையத்தார் மின்கடத்து திறன் என்றோர் எண்ணைத் தருவர். செறிவூட்டிய மண் சாற்றில் அவ்வெண் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்சைத் தாண்டினால் மிளகாயின் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது பொது வரையறை. இலை ஓரம் கருகுவதும், தொட்டியின் வெளிப்புறத்தில் வெண்பொடி பூப்பதும் உப்பு மிகுந்ததற்கு அடையாளங்கள்.

இதற்குக் கைகண்ட வழி மழைநீரைப் பிடித்தலே. 10 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் கிடைக்கும். 6 தொட்டிக்கு நாளொன்றுக்கு 9 லிட்டர் எனில், அந்த ஒரு மழை 11 நாட்களுக்குப் போதும். மழைநீர் தீர்ந்துபோய்க் கிணற்று நீரையே விட நேர்ந்தால், வாரம் ஒரு முறையேனும் நல்ல நீரை அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றி, படிந்த உப்பைக் கழுவிவிடுக.

5. பூச்சியும் நோயும்

இலை மேல்நோக்கிச் சுருண்டு தோணி போலானால் அது இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனின் வேலை. இரண்டையும் ஒன்றாக எண்ணி மருந்தடிப்பது வழக்கமான பிழை. இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைச் சாறு நன்று. 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊற வைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பதே முக்கியம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 3 கிராம் போதுமானது. கடும் வெயிலில் தெளித்தலாகாது.

இலை சிறுத்து, மஞ்சளித்து, கொத்தாகக் குறுகினால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி நோய். அதற்கு மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி எரித்துவிடுக. அண்டை வீட்டுச் செடி பிழைக்கும். பழத்தில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளி குழிந்தால் பழ அழுகல். இந்தப் பூசணம் விதை வழியாகவும் அடுத்த ஆண்டிற்குத் தொடரும். புகையிலை உபயோகிக்கும் அன்பர்கள் செடியைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலைத் தேமல் நச்சுயிரி மிளகாயையும் தாக்கும். கைவழியே அது எளிதில் பரவும்.

6. விதை ஏன் கலக்கிறது?

நமது பாடத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். நெசவாளர்க்கு இதனை விளக்குவது எளிது. 60ஆம் நம்பர் நூலால் ஓடும் பாவில், கவனக்குறைவால் 40ஆம் நம்பர்ச் சிட்டம் ஒன்று கலந்துவிட்டால் என்ன ஆகும்? சிட்டத்தைக் கையில் எடுக்கும்போது தெரியாத வேற்றுமை, துணி தறியிலிருந்து இறங்கிய பின்னர் வரியாகத் தெரியும். மிளகாய் விதையில் நேரும் கலப்பும் இத்தகையதே.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது. ஆயினும் தேனீயும் பிற பூச்சிகளும் ஒரு செடியின் மகரந்தத்தை வேறொரு செடிக்குக் கொண்டு செல்கின்றன. ஆதலால் மிளகாய் ஓரளவு அயல் மகரந்தச் சேர்க்கையும் உடைய பயிராகும். சான்று பெற்ற மிளகாய் விதை உற்பத்திக்கு, மற்ற மிளகாய் ரகங்களினின்று 200 மீட்டர் விலகியிருத்தல் வேண்டும் என்றும், ஆதார விதைக்கு 400 மீட்டர் வேண்டும் என்றும் விதிகள் கூறுவது இதனாலேயே. தெருவொன்றில் நெருங்கி வாழும் நமது வீடுகளில் 200 மீட்டருக்கு எங்கே போவது?

நாம் ஒருமுறை பட்ட பாட்டைச் சொல்லுகிறோம். முண்டுச் செடிகளுக்குப் பத்தடி தள்ளி, கடையில் வாங்கிய நீள மிளகாய் நாற்று நான்கை நட்டிருந்தோம். அந்த ஆண்டு முண்டுச் செடிகளில் காய்த்ததெல்லாம் உருண்டையாகவே இருந்தன. ஐயமின்றி விதை எடுத்தோம். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தும் மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டில் சில செடிகள் நீண்டும், சில கூம்பியும், சில காரமின்றியும் காய்த்தன. கலப்பு நேர்ந்த ஆண்டில் காயின் தோற்றம் தாய்ச்செடியையே ஒத்திருக்கும். உள்ளே விதையில் நேர்ந்த மாற்றம் அடுத்த தலைமுறையிலேதான் வெளிப்படும் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அதற்குள் அந்த விதை ஐந்தாறு வீடுகளுக்குப் போய்விட்டது. நட்டம் பணத்தால் அன்று. நம்பி வாங்கியவர் முகத்தில் விழிக்கக் கூசினோம்.

கடையில் விற்கும் வீரிய ஒட்டுவிதையைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. விற்பனைக்கு விளைவிப்போர்க்கு அது பயன்படலாம். ஆனால் அதிலிருந்து எடுத்த விதை மறு ஆண்டு ஒரே சீராக வராது; ஆண்டுதோறும் வாங்கியே தீரவேண்டும். முண்டு விதையோ, ஒருமுறை வாங்கினால், காக்கத் தெரிந்தவர்க்கு என்றும் கைமுதல்.

7. விதை எடுக்கும் முறை

முதலில் தாய்ச்செடியைத் தேர்க. பழத்தின் அழகை மட்டும் பார்த்தல் தவறு. செடி முழுவதையும் பார்க்க வேண்டும். நோயற்றதாய், கிளை நன்கு பிரிந்ததாய், ஒரே வடிவக் காய் உடையதாய் இருக்கும் செடிகளுக்கு வண்ண நூல் கட்டி அடையாளம் இடுக. முதலில் காய்த்து முந்திப் பழுத்த நல்ல காய்களைச் சமைத்துவிட்டு, கடைசியில் சோனியாய் எஞ்சியதை விதைக்கு விடுவது கூடாது. நல்லது விதைக்கு, மற்றது குழம்புக்கு என்பதே ஒழுங்கு.

அடுத்து, கலப்பைத் தடுக்கும் முறை. தேர்ந்த செடியில் மொட்டு நிறைந்த ஒரு கிளையைப் பார்த்து, அதில் முன்னரே விரிந்த பூக்களையும் காய்களையும் கிள்ளிவிடுக. மெல்லிய மல் துணியால் ஒரு முழ நீளத்தில் பை தைத்து, அக்கிளைக்கு உறையிட்டு, அடியில் தளர்ச்சியாய்க் கட்டுக. நெசவாளர் வீட்டில் இத்துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. பூச்சி நுழையாது, காற்று நுழையும். காலை வேளையில் கிளையை மெல்லத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து பூ தானே கருவுறும். பிஞ்சு பிடித்தவுடன் பையை அவிழ்த்து, உள்ளே பிடித்த காம்புகளுக்கு மட்டும் நூல் கட்டுக. அந்த நூல் கட்டிய பழங்களே விதைக்குரியவை.

பழம் செடியிலேயே முழுதும் சிவந்து, தோல் சிறிது சுருங்கத் தொடங்கும் போது பறித்து, நிழலில் மூன்று நாள் வைத்துப் பிளந்து விதை எடுக்கலாம். கையுறை அணிந்துகொள்க, இல்லையேல் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்க. மிளகாயின் காரப் பொருள் எண்ணெயில் கரையும், நீரில் கரையாது. விதையை ஒட்டியுள்ள வெண்ணிறத் தசையிலேயே அது மிகுதியாக உள்ளது. குழந்தைகளை அருகில் விடாதீர்.

எடுத்த விதையை நிழலில் துணி மேல் பரப்பி ஒரு வாரம் உலர்த்துக. சித்திரை வெயிலில் தகரத்தின் மேலோ, சிமெண்டுத் தளத்தின் மேலோ காய வைத்தால் முளை வெந்துபோகும். விதையை விரலால் மடக்கினால் வளையாது படக்கென ஒடிய வேண்டும், அதுவே பதம். பின்னர் காகித உறையிலிட்டு, மேலே ரகம், ஆண்டு, மாதம் எழுதி, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வைக்க வேண்டும். புட்டியின் அடியில் நன்கு உலர்ந்த அடுப்புச் சாம்பல் இரண்டு விரற்கடை இட்டால் ஈரத்தை அது ஈர்த்துக்கொள்ளும். கடற்காற்றின் ஈரமே விதைக்கு முதற்பகை. நன்கு காத்த விதை இரண்டு மூன்று ஆண்டுகள் முளைக்கும். ஆயினும் ஆண்டுதோறும் புதுப்பித்தலே பாதுகாப்பு.

விதைக்கும் காலத்திற்கு ஒரு மாதம் முன்னர், 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து 14ஆம் நாள் எண்ணுக. 12க்கும் குறைவாக முளைத்திருந்தால், விதையை அதிகமாக இட வேண்டும். அல்லது வேறு வீட்டு விதையைத் தேட வேண்டும்.

8. தனி வீட்டால் ஆகாதது, சங்கத்தால் ஆவது

இதுவரை கூறியவற்றை ஒரு குடும்பம் தனியே செய்யலாம். ஆயினும் இரண்டு காரியங்கள் தனி வீட்டால் ஆகா.

முதலாவது, விலகல். நம் வீட்டில் நாம் முண்டு மட்டுமே வைத்தாலும், மதிலுக்கு அப்பால் வேறு ரகம் பூத்தால் தேனீ மதிலைப் பார்ப்பதில்லை. ஒரு தெருவார் கூடிப் பேசி, "இந்தப் பருவத்தில் இத்தெருவில் முண்டு மட்டுமே" என்று ஒப்புக்கொண்டால், தெரு முழுவதும் ஒரே வயலாகிவிடும். உறையிடும் வேலையும் குறையும். அடுத்த தெருவார் சம்பாவை வைத்துக் கொள்ளட்டும். அறுவடைக்குப் பின் வற்றலை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒரே செடியிலிருந்து ஆண்டாண்டாய் விதை எடுத்தால், அந்த ரகத்தின் உள்ளிருக்கும் பலவகைத் திறன்களும் சுருங்கிப் போகும். ஒரு செடி வறட்சியைத் தாங்கும். இன்னொன்று உப்பைச் சற்றே பொறுக்கும். வேறொன்று நோய்க்கு எளிதில் இடங்கொடாது. நாட்டு ரகத்தின் வலிமை இந்தப் பன்மையில் இருக்கிறது. குறைந்தது 20 செடியின் விதையைச் சேர்த்துக் காத்தல் நன்று என்பது நமது பரிந்துரை. 6 செடி உள்ள வீட்டால் அது இயலாது. 10 வீடு சேர்ந்தால் 60 செடி. செடிக்கு இரண்டு நல்ல பழம் வீதம் விதை கொடுத்தாலே போதும்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒரு விதைப்புட்டி வைக்கும்படி வேண்டுகிறோம். முறை எளிது. உறுப்பினர் ஒவ்வொருவரும் எடுத்த விதையில் பாதியைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, பாதியைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். சங்கத்தார் எல்லா வீட்டு விதையையும் சம அளவில் கலந்து, ஒரு பங்கை அவ்வாண்டில் பங்கிட வேண்டும். மறு பங்கை அடுத்த ஆண்டிற்குச் சேமமாக வைக்க வேண்டும். யார் வீட்டில், எந்த ஆண்டில், உறையிட்டு எடுத்ததா இல்லையா என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். உறையிடாத விதையைக் கலக்கலாகாது. கலப்பு நேர்ந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், அதனை மறையாமல் சொல்லுவதே உறுப்பினரின் நாணயம். கடன் கணக்கில் காட்டும் நேர்மையை விதைக் கணக்கிலும் காட்டுவோமாக.

சட்டம் நமக்குத் துணையாகவே உள்ளது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே அது தடுக்கிறது. மற்றொன்றையும் கவனிக்க. புவிசார் குறியீடு பெற்ற பெயர் அந்தந்த மண்ணுக்குரியது. தூத்துக்குடியில் விளைந்த வற்றலை நாம் விற்பதாயின், "முண்டு மிளகாய் வற்றல்" என்று சொல்லலாம். இராமநாதபுரத்தின் பெயரை அதில் ஒட்டுதல் முறையன்று.

9. வற்றலும் அடுக்களையும்

விதைக்குப் போக எஞ்சிய பழம் அடுக்களைக்கு. பழத்தை ஒரு நாள் நிழலில் குவித்து வைத்தால் நிறம் சீராகும். பின்னர் தரையிலன்றிச் சுத்தமான பாயிலோ துணியிலோ பரப்பி, பகலில் உலர்த்தி, இரவில் மூடி வைக்க வேண்டும். கடற்பனி பட்ட வற்றலில் பூசணம் ஏறும். அப்பூசணங்களுள் சில நஞ்சை உண்டாக்குவன. பூத்த வற்றலைத் துடைத்து உபயோகித்தல் ஆகாது, எறிந்துவிடுக. பச்சையாய்ப் பறித்த முண்டுக் காயைக் கீறி, உப்பும் தயிரும் சேர்த்து ஊறவைத்து உலர்த்தினால் மோர்மிளகாய். கஞ்சிக்கு அதனினும் துணையில்லை.

முடிவுரை

நமது கடலில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பின்னர் அத்தகைய பெருங்குளிப்பு இக்கரையில் நடைபெறவில்லை. கடலடிப் படுகையில் சிப்பி பெருகுவதும் குன்றுவதும் நம் கைக்கு அடங்காதவை. முத்துக்குளித்துறை என்னும் பெயர் நிற்கிறது; தொழில் நின்றது. விதை அவ்வாறன்று. அது ஒரு புட்டியில் அடங்குவது. நம் கைக்கு முற்றிலும் அடங்குவது. அதனை இழந்தால், கடலின் மீது பழி சொல்ல இயலாது.

வரும் மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் மூன்று வினாக்களை எழுப்பி விடை காணுமாறு கேட்டுக்கொள்கிறோம். நமது உறுப்பினர் வீடுகளில் எவரிடம் பழைய முண்டு விதை இருக்கிறது? எந்தத் தெருவார் ஒரே ரகம் வைக்க இசைவர்? விதைப்புட்டியையும் பதிவேட்டையும் யார் பொறுப்பில் விடலாம்? இம்மூன்றிற்கும் விடை கிடைத்த ஊரில், வரும் ஆவணியில் 20 விதையோடு வேலையைத் தொடங்கலாம்.